14 டெஸ்ட், உருப்படியாக ஒரு வரி: திருகோணமலையில் நான் செய்த ‘பெண்கள் ஹோர்மோன் பக்கேஜ்’

கடைசிவரை வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த காசில் முக்கால்வாசி தண்டம். மிச்சக் கால்வாசிக்காக இன்றைக்கும் சந்தோசப்படுகிறேன். ஐந்துக்கு இரண்டரை. லேபின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இது ஒரு லேபின் பிழை மட்டுமில்லை, இப்போது பல இடங்களில் இதே மாதிரி ஒரு பக்கேஜ் ரோஸ் கலர் நோட்டீஸில் தொங்குகிறது. அதோடு அங்கே இரத்தம் எடுக்கிற தங்கச்சி நல்ல பிள்ளை, என்னால் அவளுக்குப் பேச்சு விழக்கூடாது.

எனக்கு 31 வயது. உப்புவெளிப் பக்கம் வீடு, டவுனுக்குள் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன், கலியாணமாகி இரண்டு வருஷம். பீரியட்ஸ் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஆனால் போன வருஷத்திலிருந்து 38 நாள், 42 நாள், ஒருமுறை 47 நாள் என்று இழுத்தது, ஒவ்வொரு இழுவைக்கும் வீட்டில் ஒரு நம்பிக்கை எழும்பி நின்று அப்புறம் சத்தமில்லாமல் படுத்துவிடும். மாமி வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டா. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலால் வந்து எனக்கு விபூதி பூசும்போது மட்டும் கை நெற்றியில் கொஞ்சம் கூடநேரம் நிற்கும். அதைவிட வாயால் கேட்டிருக்கலாம்.

வேறு சில்லறை விஷயங்களும் இருந்தன. தலைமுடி சீப்போடு வந்தது, பின்னேரம் கொப்பி திருத்த உட்கார்ந்தால் கண் சொருகியது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில், கடற்காற்றும் செத்துக் கிடக்கிற ஒரு இரவு, ஃபானைக் குறையுங்கோ குளிருது என்று நான் சொல்ல இவர் எழும்பி இருந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்போதாவது தைரொயிட்டைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கூடப் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் நோட்டீஸின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப, அடுத்த சனிக்கிழமையே போய்விட்டேன்.

காலை ஆறரைக்குக் கதவு திறந்தது. வாசலில் இரண்டு மான் நின்று யாரோ கொட்டிய மரக்கறித் தோலைத் தின்றுகொண்டிருந்தன, நம்பர் எடுக்க வந்தவை மாதிரி. உள்ளே சுத்தம், கதிரைகள் போதும், ஏசி கொஞ்சம் கூட (எனக்கு எல்லா ஏசியும் கூடத்தான்). கவுண்டரில் பெயர், வயது, போன் நம்பர், காசு. ஐந்து இலக்கத்தில் காசு. அவ்வளவுதான் கேட்டார்கள். கடைசிப் பீரியட்ஸ் எப்போது வந்தது, எத்தனை நாளுக்கு ஒருக்கா வரும், ஏதும் குளிசை போடுகிறீர்களா, ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் “இன்றைக்கு எனக்குப் பீரியட்ஸ் தொடங்கி 21ஆம் நாள்” என்றேன். “அப்படியென்றால் சரியான நாள்தான் மிஸ், புரொஜெஸ்தரோன் பார்க்கிறது 21இல்தான்” என்று பில்லை நீட்டினார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

எனக்கு நரம்பு இலேசில் பிடிபடாது. இடது கையில் குத்தி வரவில்லை, உள்ளே திருப்பிப் பார்த்தும் வரவில்லை. வலது கையில் இரண்டாம் தரம். “மூச்சை இழுத்து விடுங்கோ அக்கா, இந்தா வந்திட்டுது” என்று அந்தத் தங்கச்சி தன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சொன்னபோது அவளுக்காக எனக்குத்தான் பாவமாக இருந்தது. ஊசி வலியும் பதற்றமுமே புரொலக்டின் என்ற ஹோர்மோனைக் கொஞ்சம் ஏற்றிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அது ஓரமாக எல்லையைத் தாண்டித்தான் வந்திருந்தது.

ரிப்போர்ட் அன்றிரவே 7.40க்கு வட்ஸ்அப்பில் வந்தது. வேகத்துக்குக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 14 வரி, அதில் நாலு வரி தடித்த எழுத்தில் அம்புக்குறியோடு, விளக்கம் ஒரு சொல் இல்லை. முட்டை வெளியேறிய பிறகு ஏறுகிற ஹோர்மோனான புரொஜெஸ்தரோன் 0.6. பக்கத்தில் போட்டிருந்த அளவுகளோடு ஒப்பிட்டால் முட்டை வெளியேறவில்லை என்றுதான் அர்த்தம் வரும். கட்டிலில் இருந்து அழுதேன். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபானை நிறுத்தினார்.

இப்போது அந்த 21க்கு வருகிறேன், ஏனென்றால் என் பெரிய முறைப்பாடு இதுதான். முட்டை வெளியேறினால் அதற்குப் பிறகு பீரியட்ஸ் வர ஏறக்குறைய 14 நாள் பிடிக்கும். 28 நாளுக்கு ஒருக்கா வருகிறவளுக்கு 14ஆம் நாள் அளவில் முட்டை வரும், அதிலிருந்து ஒரு கிழமை தள்ளி 21ஆம் நாள் புரொஜெஸ்தரோன் உச்சத்தில் நிற்கும், அதனால்தான் 21. எனக்கோ அந்த மாதம் 42 நாள் ஓடியது. 42இல் 14 போனால் 28. அதாவது முட்டை வருமென்றாலே 28ஆம் நாள் அளவில்தான், நான் போனது அதற்கு ஒரு கிழமைக்கு முதல். பஸ் வருகிற நேரத்துக்கு முதலே ஸ்டாண்டுக்குப் போய் இன்றைக்கு பஸ் இல்லை என்று எழுதிக்கொடுத்த கதை. அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு கிழமைக்கு முன், எனக்கென்றால் 35ஆம் நாள் அளவில் பார்த்திருக்க வேண்டும். நாள் நிச்சயமில்லாதவர்களுக்குக் கிழமைக்கு ஒருக்காக இரண்டு மூன்று தரம் எடுப்பார்கள். முட்டையை முற்ற வைத்து வெளியேற்றுகிற எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹோர்மோன்கள் இரண்டுக்கும் வேறு கணக்கு, அவற்றைப் பீரியட்ஸின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் எடுத்தால்தான் ஒப்பிடலாம். ஆகவே இவை எல்லாவற்றையும் ஒரே காலையில் ஒரே ஊசியில் எடுக்கிற பக்கேஜ் யாருக்குமே பொருந்தாது. நாள் கேட்காமல் விற்றால் அது டெஸ்ட் இல்லை, சாமான்.

சரி, அந்தக் கால்வாசி. தைரொயிட்டை வேலை வாங்குகிற ஹோர்மோனான டி.எஸ்.எச். 6.9. சாதாரணமாக 0.4க்கும் 4க்கும் இடையில் இருக்க வேண்டியது, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

மறுநாள் போன் பண்ணிக் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் “உங்களுக்குத் தைரொயிட் இருக்கு மிஸ், மருந்து போட வேணும், பி.சி.ஓ.எஸ்.ஸும் இருக்கும்போல” என்றார். தைரொயிட் எல்லாருக்கும்தான் இருக்கிறது, கழுத்தில். பி.சி.ஓ.எஸ். (சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்கிற கோளாறு) பற்றி போனில் சொன்னது அதைவிட மோசம். 2003இல் ரொட்டர்டாமில் கூடி வகுத்த அளவுகோலின்படி, தைரொயிட் கோளாறும் புரொலக்டின் கூடுதலும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயரையே வைக்கலாம். எனக்கு இரண்டுமே எல்லைக்கு வெளியே நிற்கும்போது எப்படிச் சொல்வது? இன்னொன்று, தைரொயிட் சுரக்கிற ஹோர்மோன்களில் பக்கேஜில் டி3 இருந்தது, ஃப்ரீ டி4 இல்லை. டி.எஸ்.எச். கூடி ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் இலேசான தைரொயிட் குறைவு. இரண்டும் பிழைத்தால் முழுக் குறைவு. அந்த ஒரு வரி இல்லாமல் நான் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. தேவையில்லாத பத்தை வைத்துவிட்டுத் தேவையான ஒன்றை விட்டிருக்கிறார்கள்.

சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் அம்மாவுக்கு முழுப்புள்ளி, அவவும் பெயரில்லாமலே இருக்கட்டும். கிழமையில் ஒருநாள் வெளியூரிலிருந்து வருவா, என் நம்பர் 23, ஒன்பதரை மணி இரவு. ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்துவிட்டுப் பேனையால் டி.எஸ்.எச். வரியை மட்டும் வட்டம் போட்டா. “மற்றதை மறவுங்கோ பிள்ளை. இதையும் இப்பவே நம்பவேண்டாம்.”

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னா, இந்தமுறை ஃப்ரீ டி4, டி.பி.ஓ. அன்டிபொடி (தைரொயிட்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்குகிற பொருள்) இரண்டோடும். ஏனென்றால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ வேறு வருத்தத்துக்குப் பிறகோ டி.எஸ்.எச். ஏறிவிட்டுத் தானாக இறங்குவதுண்டு, ஒரே நாளிலும் விடியற்காலை கூடவும் பின்னேரம் குறைவாகவும் இருக்கும், அதனால் திரும்ப எடுக்கும்போது அதே மாதிரிக் காலையில் எடுக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பாமசியில் வாங்கிப் போட்ட பயோட்டின் குளிசையைப் பற்றியும் கேட்டா. சில மெஷின்களில் அது தைரொயிட் ரிப்போர்ட்டையே பிழைக்கப் பண்ணுமாம், இரண்டு மூன்று நாள் முதலே நிறுத்தச் சொன்னா. லேபில் ஒருவரும் கேட்காத கேள்வி.

இரண்டாம் தரம் டி.எஸ்.எச். 7.2, ஃப்ரீ டி4 சரி, அன்டிபொடி கூடுதல். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிற நிலை, 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டொக்டர் எழுதி வைத்தது, அதனால் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

இதற்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கியதை என் வகுப்புப் பாஷையில் சொல்கிறேன். தைரொயிட் கொஞ்சம் சோம்பேறிப் பிள்ளை. மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பிதான் டீச்சர். டி.எஸ்.எச். டீச்சரின் குரல். குரலை உயர்த்தினால் பிள்ளை வேலையைச் செய்து முடிக்கிறது, அதனால் டி4 சரியாகவே இருக்கிறது, ஆனால் டீச்சர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கிறா. அந்தச் சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். டி.எஸ்.எச்.சைத் தூண்டுகிற டி.ஆர்.எச். என்ற மேலிடத்துச் சிக்னல் புரொலக்டினையும் சேர்த்துத் தள்ளிவிடும். புரொலக்டின் என்பது பால் சுரக்க வைக்கிற ஹோர்மோன், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்மாருக்குப் பீரியட்ஸ் மாதக்கணக்கில் வராமலிருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது கூடினால் மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகிற தாளம் குழம்பும், எஃப்.எஸ்.எச்.சும் எல்.எச்.சும் நேரத்துக்கு எழும்பாது, முட்டை முற்றப் பிந்தும், அல்லது முற்றியும் வெளிவராது, வந்தாலும் பின்பாதியில் புரொஜெஸ்தரோன் போதாமல் போகலாம். போதாக்குறைக்கு, முட்டையைச் சுற்றியிருக்கிற கலங்களிலேயே தைரொயிட் ஹோர்மோனுக்கான வாங்கிகள் இருக்கின்றன, ஆக நேர்வழியாலும் பாதிப்பு வரலாம்.

ஆனால் இதை வைத்து ‘தைரொயிட்தான் காரணம்’ என்று யாரும் உங்களுக்கு எழுதித் தந்தால் நம்பவேண்டாம். முழுக் குறைவில் இந்தச் சங்கிலி தெளிவு, இலேசான குறைவில் சாட்சி கலங்கல். 1999இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் பிள்ளைக்காகக் காத்திருந்த 704 பெண்களைப் பார்த்திருக்கிறார்கள். டி.எஸ்.எச். கூடியிருந்தது 16 பேருக்குத்தான், நூற்றுக்கு இரண்டு சொச்சம். ஆனால் அந்த 16 பேரில் 11 பேருக்கு முட்டை வெளியேறுவதில் கோளாறு. இந்தக் கணக்கை நான் அடிக்கடி யோசிப்பேன். பிள்ளை தங்காத எல்லாருக்கும் இது காரணமில்லை, மிகச் சிலருக்குத்தான், ஆனால் இருக்கிறவர்களில் அது பெரும்பாலும் போய்க் கடிப்பது இந்த இடத்தில். ஆகவே பீரியட்ஸ் இழுக்கிறவள் முதலில் பார்க்க வேண்டிய மலிவான டெஸ்ட் டி.எஸ்.எச். பதினாலும் வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேணும். டி.எஸ்.எச். சரியாக இருந்து அன்டிபொடி மட்டும் கூடியவர்களுக்குத் தைரொக்சின் (தைரொயிட் ஹோர்மோன்) குளிசை கொடுத்தால் பிள்ளை தங்குமா என்று பிரிட்டனில் 952 பெண்களை வைத்துப் பார்த்து 2019இல் முடிவு வந்தது. குளிசை போட்டவர்களில் 37.4 வீதம், வெறும் மாக்குளிசை போட்டவர்களில் 37.9 வீதம் பேர் பிள்ளை பெற்றார்கள். வித்தியாசமே இல்லை. அன்டிபொடி ரிப்போர்ட்டைக் காட்டி யாரும் பயமுறுத்தினால் இது ஞாபகம் இருக்கட்டும்.

என் விஷயத்தில் டொக்டர் அம்மா சொன்னது இதுதான்: பிள்ளைக்கு முயற்சி இல்லாதவள் என்றால் டி.எஸ்.எச். 10க்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலும் மருந்தில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முயற்சி செய்கிறவள், 4க்கு மேலே, அன்டிபொடியும் கூடுதல் என்றால் சின்ன அளவில் தைரொக்சின் கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, முக்கியமாகக் கருச்சிதைவைப் பற்றிய கவலையில். “பிள்ளை வரும் என்று நான் சொல்லமாட்டன். தைரொயிட்டை ஒரு காரணமாக இல்லாமல் பண்ணலாம்.” எனக்கு அந்த நேர்மை பிடித்தது. 25 மைக்ரோகிராமில் தொடங்கி 50க்குப் போனேன்.

அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்து, “தம்பி, உங்கட டெஸ்ட் எங்க?” என்றா. இரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஆணுக்கு ஒரு விந்துப் பரிசோதனை, அதுவும் என் பக்கேஜோடு பார்த்தால் சல்லிக்காசு. பக்கேஜின் பெயரே பெண்கள் பக்கேஜ், ஆண்களுக்கென்று ஒரு நோட்டீஸ் அங்கே நான் காணவில்லை. வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னபோது குத்தரிசி புடைத்துக்கொண்டிருந்தவ சுளகை நிறுத்தி, “அவனுக்கு ஏன்?” என்றா. பிறகு புடைத்தா. இவர் போனார், எல்லாம் சரி.

குளிசையைப் பற்றி. காலை ஐந்தரைக்கு எழும்பி வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு, அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பால்தேத்தண்ணி இல்லாமல் விடியாத வீட்டில் இது சின்னத் தியாகமில்லை. மாமி முதல் கிழமை முழுக்க “தேத்தண்ணி ஆறுது” என்று மூன்றுதரம் கூப்பிட்டா. இரும்புச்சத்து, கல்சியம் குளிசை ஏதும் போடுகிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் தைரொக்சின் உடம்பில் சேராது. மிட்வைஃப் மிஸ் தருகிற ஃபோலிக் அசிட்டை நான் இரவில் போடுகிறேன், ஒழுங்குக்காக. (கலியாணமான கையோடு உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பதிந்தீர்களென்றால் அதை இலவசமாகவே தருவார்கள். நான் பாமசியில் காசுக்கு வாங்கிக்கொண்டிருந்தேன், மடைச்சி.) இன்னொன்று எங்கள் ஊருக்கென்றே சொல்லவேணும், இந்தக் குளிசைக்கு வெக்கையும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. குசினி ஜன்னல் கட்டிலும் சாமித்தட்டிலும் வைக்கவேண்டாம். நான் அலுமாரிக்குள் சேலைக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

அறிவுரைகள் தனி ரகம். ஒருவர் மரவள்ளிக் கிழங்கை நிறுத்து என்றார், ஒருவர் கோவாவை. அளவாக அவித்துச் சாப்பிட்டால், அயடீன் குறைவில்லாத உடம்புக்கு அது ஒரு விஷயமே இல்லை. இன்னொருவர் நிலாவெளி உப்பளத்து உப்பை அப்படியே கரைத்துக் குடிக்கச் சொன்னார், கடல் உப்பில் அயடீன் கூடவாம். இல்லை, வெறும் கடல் உப்பில் அயடீன் பேருக்குத்தான் இருக்கும். இலங்கையில் 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்த்தே விற்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பக்கெட் உப்பில் அது இருக்கிறது. என் பிரச்சினை அயடீன் பற்றாததும் இல்லை. ஹஷிமோட்டோ இருக்கிறவள் ஒன்லைனில் விற்கிற கடல்பாசிக் குளிசையைக் கண்டபடி விழுங்கினால் இன்னும் மோசமாகலாம்.

எட்டுக் கிழமை கழித்து டி.எஸ்.எச். 2.3. பீரியட்ஸ் அடுத்தடுத்து 37 நாள், 35 நாள், 34 நாள். கடைசி மாதம் 27ஆம் நாள், இந்தமுறை சரியான நாள், புரொஜெஸ்தரோன் மட்டும் தனியாக எடுத்தேன், 11. முட்டை வந்திருக்கிறது. தைரொக்சின்தான் செய்ததா, முன்பும் முட்டை வந்துகொண்டுதான் இருந்ததா, அந்த முதல் ரிப்போர்ட் பிழை நாளில் எடுத்ததால் எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இன்னும் தங்கவில்லை. தங்கினது தெரிந்த அன்றே சொல்ல வேண்டும், அளவைக் கூட்டவேண்டி வரும் என்று டொக்டர் அம்மா துண்டில் சிவப்பால் கீறி வைத்திருக்கிறா.

புள்ளிகள்: இரத்தம் எடுத்த விதத்துக்கு நாலு, இரண்டாம் குத்தையும் சேர்த்து. சுத்தத்துக்கு ஐந்து. ரிப்போர்ட் வந்த வேகத்துக்கு ஐந்து, அதை விளங்கப்படுத்தியதற்குப் பூச்சியம், போனில் நோய்க்குப் பெயர் வைத்ததற்கு மைனஸ் போட இடமிருந்தால் போடுவேன். பக்கேஜுக்கு ஒன்று. காசு தட்டுப்பாடென்றால் பெரியாஸ்பத்திரி கிளினிக் இருக்கிறது, காசில்லை, வெள்ளென போய் இருக்கவேண்டும். லேபுக்கே போகிறவர்கள் டொக்டரின் துண்டோடு போய் அதிலிருக்கிறதை மட்டும் எடுங்கள், பக்கேஜ் மலிவு என்று கவுண்டரில் சொல்லுவார்கள், சொல்லட்டும்.

நான் இப்போதும் அதே இடத்துக்குத்தான் போகிறேன், அந்தத் தங்கச்சிக்கு என் வலது கை நரம்பு பழகிவிட்டது. சனிக்கிழமை ஏழரைக்குப் பிறகு போனால் மோட்டார் சைக்கிள் விட இடமில்லை. விட்டாலும் சீற்றில் பையை வைத்துவிட்டுப் போகவேண்டாம், மான் இழுத்துவிடும்.